மேட்டில் கொதிக்கும் பழைய வண்டி

வண்டி எந்த இடத்தில் கொதித்தது என்று கேட்டுவிட்டுத்தான் நீலகிரியில் பானெட்டைத் திறக்க வேண்டும். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வரும் சமதளச் சாலையில் அறுபதில் ஓடும்போதே முள் ஏறியதா? கல்லாறு தாண்டி இரண்டாம் கியரில் ஏறும்போதா? பர்லியார் நெரிசலில் அசையாமல் நின்றபோதா? குன்னூர் வரை ஒழுங்காக வந்து, டீக்கடை முன்னால் அணைத்த ஐந்தாவது நிமிடத்தில் பொங்கியதா? இந்த நான்கும் நான்கு வேறு பழுதுகள். இதைக் கேட்காமல், "ஹீட் ஆகுதா, தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசு" என்று தொடங்கும் வேலை பெரும்பாலும் ஹெட் கேஸ்கட் மாற்றுவதில்தான் போய் முடியும்.

இங்கே சொல்லப்போவது கணினி இல்லாத, தண்ணீரால் குளிரும் பழைய எஞ்சின்களுக்கு. எஸ்டேட்டுகளில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் மஹிந்திரா எம்.எம். 540, மேஜர், கமாண்டர். 2014இல் உற்பத்தி நின்ற அம்பாசிடர். பத்மினி, ஜிப்சி, ஆம்னி. பச்சைத் தேயிலை ஏற்றும் பழைய டாடா 407 எல்லாம் இதில் அடக்கம். இவற்றின் குளிர்விப்பு அமைப்பில் கண்ணும் கையும் எட்டாத பகுதி மிகக் குறைவு. பொறுமையாகப் பார்த்தால் பத்தில் எட்டுப் பழுதை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

உயரம் செய்யும் வேலை

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர். குன்னூர் 1,850. ஊட்டி 2,240. ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்தில் 99 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் குன்னூரில் 94இல் கொதிக்கும். ஊட்டியில் 92, 93 டிகிரியே போதும். உங்கள் எஞ்சினோ ஊட்டியானாலும் சென்னையானாலும் 82 முதல் 95 டிகிரி வரையில்தான் வேலை செய்ய விரும்புகிறது. திறந்த பாத்திரமாக இருந்தால் ஊட்டியில் எந்த வண்டியின் தண்ணீரும் சாதாரண ஓட்டத்திலேயே கொதித்துவிடும். அப்படிக் கொதிக்காமல் காப்பது ரேடியேட்டர் மூடி தாங்கிப் பிடிக்கும் அழுத்தம் மட்டுமே. சமவெளியில் ஓட்டை மூடியோடு வருடக்கணக்கில் ஓடிய வண்டி முதல் முறை மலை ஏறியதும் பொங்குவதன் ரகசியம் இதுதான்.

காற்றும் மெலிந்துவிடுகிறது. ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைவிடச் சற்றே அதிகம். விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் அது இழுக்கும் காற்றின் எடை குறைவு, அது எடுத்துச் செல்லும் சூடும் குறைவு. டர்போ இல்லாத எஞ்சினின் இழுவையும் இருபது விழுக்காடு போலக் குறைகிறது. ஆனால் மேலே குளிர் இருக்கிறது. அந்தக் குளிர் இந்தக் குறைகளில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். ஆகவே உண்மையான சோதனை மலையின் கீழ்ப்பாதியில்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 33 கிலோமீட்டர் போல இருக்கும் சாலை, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளோடு ஒன்றரை கிலோமீட்டர் உயரம் ஏறுகிறது. அதில் கல்லாற்றுக்கும் மரப்பாலத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் மூன்று துன்பமும் ஒன்றுசேர்கின்றன: கோடை வெயில், முழு இழுவை, மெதுவான வேகம். பழைய வண்டிகள் பானெட்டைத் திறந்தபடி நிற்பதை அங்கேதான் அதிகம் பார்க்கலாம்.

கொதித்த இடத்தைப் படிப்பது

சமதளத்தில், காற்று நன்றாக அடிக்கும் வேகத்தில் முள் ஏறினால் விசிறியைச் சந்தேகிக்காதீர்கள். அந்த வேகத்தில் விசிறிக்கு வேலையே இல்லை. தண்ணீர் போதிய அளவு சுற்றவில்லை என்று பொருள். ரேடியேட்டர் குழாய்களுக்குள் சுண்ணாம்பு படிந்திருக்கலாம். தெர்மோஸ்டாட் பாதி திறந்து சிக்கியிருக்கலாம். அல்லது கீழ் ஓஸ் பைப் வேகத்தில் உள்ளே ஒட்டிக்கொள்ளலாம். இந்தக் கடைசிக் காரணம் பலருக்குத் தெரிவதில்லை. கீழ் ஓஸ் பம்பின் உறிஞ்சும் பக்கம். ரப்பர் நைந்து, உள்ளே இருக்க வேண்டிய கம்பிச் சுருளும் துருப்பிடித்து உதிர்ந்திருந்தால், எஞ்சின் வேகம் ஏறும்போது ஓஸ் சப்பையாகித் தண்ணீர் வழியை அடைத்துவிடும். வண்டி நின்றதும் பழைய உருவத்துக்கு வந்துவிடுவதால் பட்டறையில் யார் கண்ணிலும் படாது. ஒருவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, மற்றவர் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும்.

நெரிசலில் நிற்கும்போது ஏறி, நகர்ந்ததும் இறங்கினால் அது காற்றுக் குறை. ஏப்ரல், மே மாதங்களில் பர்லியாரிலும் ஊட்டி சேரிங் கிராஸிலும் இதைப் பார்க்கலாம். ஃபேன் பெல்ட் தொளதொளப்பு, விசிறியைச் சுற்றியுள்ள தகரக் கூடு இல்லாமல் போனது, ஆம்னி போன்ற வண்டிகளில் மின்விசிறி வேலை செய்யாதது ஆகியவை முதல் சந்தேகங்கள். அந்தத் தகரக் கூட்டைப் பட்டறைகளில் கழற்றினால் திரும்ப மாட்டுவதில்லை. "அது சும்மா, கை போக இடைஞ்சல்" என்பார்கள். கூடு இல்லாத விசிறி ஏற்கெனவே சூடான காற்றையே பக்கவாட்டில் இழுத்துச் சுழற்றும். பழைய ஜீப் வாங்கினால் அந்தக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தகரக் கடையில் அளவு கொடுத்துச் செய்துகொள்ளுங்கள்.

மேட்டில் மட்டும் ஏறி, அடுத்த சமதளத்தில் தானே இறங்கினால், அமைப்பு முழுதும் வேலை செய்கிறது, ஆனால் அதன் கொள்ளளவு குறைந்துவிட்டது. ரேடியேட்டரில் கால்வாசிக் குழாய்கள் அடைத்திருப்பது வழக்கமான காரணம். அதற்கு முன் ரேடியேட்டருக்கு வெளியே உள்ளவற்றைப் பார்த்துவிடுங்கள். பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா? மேட்டில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு சக்கரத்தின் டிரம் அருகிலும் கையைக் கொண்டுபோனால் எது சூடு என்று தெரியும். கிளட்ச் நழுவுகிறதா? பெட்ரோல் வண்டியாக இருந்தால் இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கிறதா? இன்னொன்று மலைக்கே உரியது: உயரத்தில் கார்புரேட்டர் கலவையில் பெட்ரோல் மிகுந்து கரும்புகை வருவதால், ஊட்டியில் கலவையை மெலிதாகத் திருப்பி வைப்பார்கள். அதே வண்டி மேட்டுப்பாளையம் இறங்கிச் சுமையோடு திரும்ப ஏறும்போது கீழ்மலையில் கலவை மெலிந்து எஞ்சின் எரியும். ஊட்டிக்குத் திருத்திய கார்புரேட்டரைக் கோவைப் பயணத்துக்கு முன் பழைய நிலைக்குத் திருப்புங்கள்.

கேத்தி, லவ்டேல் பக்கம் குளிர்காற்றில் போகும்போது கொதிக்கிறது என்றால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே சூடான காற்று, மெதுவான வேகம் என்ற சாக்குகள் எதுவும் இல்லை. தண்ணீர் மட்டம், மூடி, ஹெட் கேஸ்கட் என்ற வரிசையில் பாருங்கள்.

இறக்கத்தில் முள் ஏறுவது அரிது. குன்னூரிலிருந்து கீழே இரண்டாம் கியரில் இறங்கும்போது எரிபொருள் அதிகம் எரிவதில்லை. ஆனால் பம்பும் விசிறியும் வேகமாகச் சுற்றுகின்றன. அப்போது சூடு குறைய வேண்டும். கூடினால் தண்ணீர் ஏற்கெனவே குறைந்துவிட்டது, இல்லாவிட்டால் மீட்டர் பொய் சொல்கிறது. மீட்டரின் இன்னொரு பொய் இதைவிட ஆபத்தானது: தண்ணீர் முழுவதும் வெளியேறிவிட்டால் சென்சார் வெறும் ஆவியில் நிற்கும், எஞ்சின் நெருப்பாகக் கொதிக்க, முள் மெல்லக் கீழே இறங்கும். ஏறிய முள் காரணமில்லாமல் இறங்கினால் மகிழாதீர்கள். வண்டியை நிறுத்திப் பாருங்கள்.

நிறுத்தி அணைத்தபின் பொங்குவது எஞ்சினின் தேங்கிய சூட்டால். மேடு ஏறி வந்த இரும்புப் பிளாக்கில் சூடு நிறைந்திருக்கும். பம்ப் நின்றதும் அந்தச் சூடெல்லாம் அங்கேயே நிற்கும் தண்ணீருக்குள் இறங்கும். நல்ல மூடி இதைத் தாங்கும், பழுதான மூடி தாங்காது. மூடியை மாற்றுங்கள். மேடு ஏறி முடித்ததும் இரண்டு மூன்று நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைக்கும் பழக்கத்தையும் ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

இவை எதிலும் சேராத ஒரு பழுது உண்டு. அம்பாசிடரோ பத்மினியோ மேட்டில் இருமி இருமி நிற்கிறது, ஆனால் தண்ணீர் கொதிக்கவில்லை, முள்ளும் நடுவில்தான். அது பெட்ரோல் குழாயில் ஆவி அடைப்பது. எஞ்சினோடு ஒட்டிய பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிப் பத்து நிமிடம் காத்திருந்தால் வண்டி கிளம்பிவிடும். குழாயை எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்து தள்ளிக் கட்டினால் மீண்டும் வராது. இதை ஹீட் என்று நினைத்து ரேடியேட்டரைக் கழற்றியவர்கள் பலர்.

மூடி

மலை வண்டிக்கு மிக மலிவான, மிக முக்கியமான உதிரி பாகம் இதுதான். பழைய வண்டிகளில் சதுர அங்குலத்துக்கு 4 அல்லது 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடிகள் வந்தன. பிறகு வந்தவற்றில் 13 பவுண்டு அளவில். ஊட்டிக் கணக்கில் பார்த்தால், 4 பவுண்டு மூடி நல்ல நிலையில் இருந்தால்கூட வெறும் தண்ணீர் 101 டிகிரியில் கொதிக்கும், அதாவது கடற்கரையில் மூடியே இல்லாத நிலை. 7 பவுண்டில் 106, 13 பவுண்டில் ஏறக்குறைய 115. மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் 92. எஞ்சினின் வேலைச் சூடே அதுதான்.

மூடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ரப்பர் வளையத்தில் விரல் நகம் படுமளவு பள்ளம் விழுந்திருந்தால், வெடித்திருந்தால், ஸ்பிரிங் கையால் எளிதில் அமுங்கினால் மாற்றிவிடுங்கள். ரேடியேட்டர் கழுத்தின் உதடு நெளிந்திருந்தால் புது மூடியும் பிடிக்காது. மூடியின் நடுவில் சிறிய வட்ட வால்வு ஒன்று இருக்கும். எஞ்சின் குளிரும்போது அது திறந்து தண்ணீரையோ காற்றையோ உள்ளே விடும். அது சிக்கிக்கொண்டால் காலையில் மேல் ஓஸ் சப்பையாகிக் கிடக்கும். ஓஸில் குறையில்லை, மூடியை மாற்றினால் சரியாகிவிடும்.

கடையில் "எதுவானாலும் பொருந்தும்" என்று தருவதை வாங்காதீர்கள். கழுத்தின் ஆழம் வண்டிக்கு வண்டி மாறும். ஆழமான கழுத்தில் குட்டை மூடியைப் போட்டால் திருகி இறுகும், ஆனால் அடியில் உட்காராது. கையேட்டில் சொன்னதைவிடக் கூடுதல் பவுண்டு மூடி போடுவதும் கூடாது. 4 பவுண்டுக்கென்று ஈயம் வைத்துப் பற்றவைத்த பழைய ரேடியேட்டரின் தையல் 13 பவுண்டில் பிரிந்துவிடும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றாதீர்கள்

நீலகிரியில் பழைய வண்டிகளுக்குச் செய்யப்படும் மிகப் பெரிய கொடுமை இது. மலை ஏறக் கொதிக்கிறது என்று கழற்றி எறிகிறார்கள். கொதிப்பது வருடத்தில் சில நாட்கள், சில கிலோமீட்டர்கள். மற்ற நாளெல்லாம் அந்த வண்டி ஊட்டிக் குளிரில் ஓட வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாத டீசல் எஞ்சின் ஜனவரிக் காலையில் தலைக்குந்தாவிலிருந்து ஊட்டி வரும்வரையிலும் சூடே ஏறாது. டப டபவென்று தட்டும், வெண்புகை கக்கும், டீசலை விழுங்கும். குளிர்ந்த சிலிண்டரில் எரியாத எரிபொருள் ஆயிலை நீர்க்கவைத்து ரிங்குகளைத் தேய்க்கும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியை அடைக்கவும் செய்யும்; அவற்றில் அதைக் கழற்றினால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குத் திரும்பும். குளிர வேண்டும் என்று செய்த வேலை மேட்டில் சூட்டைக் கூட்டிவிடும்.

சந்தேகம் இருந்தால் கழற்றிச் சோதியுங்கள், சோதித்தபின் திரும்பப் போடுங்கள், அல்லது புதிதாக வாங்கிப் போடுங்கள். சோதனை எளிது. பாத்திரத்தில் தண்ணீர், அதில் நூலில் தொங்கும் தெர்மோஸ்டாட், பக்கத்தில் ஒரு வெப்பமானி. அடிப்பாகத்தில் அது தட்டக் கூடாது. 82 என்று முத்திரை இருந்தால் அந்தச் சூட்டில் வால்வு அசையத் தொடங்க வேண்டும்.

மலையில் இந்தச் சோதனை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தெர்மோஸ்டாட் முத்திரை எண்ணில் திறக்கத் தொடங்குமே தவிர, முழுதாகத் திறக்க இன்னும் பன்னிரண்டு டிகிரி போல வேண்டும். 88 முத்திரை உள்ளது முழுதாகத் திறக்க 100 டிகிரி ஆகும். ஊட்டி அடுப்பில் தண்ணீர் 93ஐத் தாண்டாது. எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் அது பாதி வழியில்தான் நிற்கும். நல்ல தெர்மோஸ்டாட்டைப் பழுது என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். எண்ணுக்கு வந்ததும் அசைகிறதா, ஆறவிட்டால் முழுதாக மூடுகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

குளிர்காலத்தில் கிரில்லின் பின்னால் அட்டையோ சாக்கோ வைக்கும் வழக்கமும் எஸ்டேட்டுகளில் உண்டு. தெர்மோஸ்டாட் இருந்தால் அது தேவைப்படாது. வைத்தே ஆக வேண்டுமானால் சாவிக் கொத்தில் ஒரு துணி முடிந்து வையுங்கள். டிசம்பரில் வைத்த அட்டை ஏப்ரலில் கல்லாறு ஏறும்போதும் உள்ளேயே இருந்துவிடும்.

பெல்ட், பம்ப், ரேடியேட்டர்

பெல்ட்டின் நீளமான பகுதியைக் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக அமுங்க வேண்டும். பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளத்தால் மாற்றுங்கள். பல பழைய வண்டிகளில் பம்பையும் விசிறியையும் ஆல்டர்னேட்டரையும் ஒரே பெல்ட் சுற்றுவதால், சார்ஜ் விளக்கு எரிந்து உடனே முள் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கிறது; அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதில் ஈரமோ துருக் கோடோ தெரிந்தால் உள்ளே சீல் போய்விட்டது. அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைப்பவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் பேரிங்குக்குள் போய், பேரிங் உடைந்து, விசிறி ரேடியேட்டரைக் கிழிக்கும்.

மின்விசிறி உள்ள வண்டியில், சுவிட்ச் இணைப்பைக் கழற்றி இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துப் பாருங்கள். விசிறி சுற்றினால் மோட்டார் நன்றாக இருக்கிறது, சுவிட்சை மாற்றினால் போதும்.

ரேடியேட்டரை முதலில் வெளியிலிருந்து பாருங்கள். எஸ்டேட் மண்சாலையில் ஓடும் வண்டியில் தூசி, புல் விதை, பூச்சி, மழைக்காலச் சேறு எல்லாம் இறக்கைத் தகடுகளுக்கிடையில் அடைபடும். விசிறிப் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவ வேண்டும். சர்வீஸ் ஸ்டேஷன் பம்பை நேராக அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். முன்னால் கட்டிய கூடுதல் விளக்குகள், பெயர்ப் பலகைகள் காற்றை மறைத்தால் இடம் மாற்றுங்கள். உள்அடைப்பைக் கண்டுபிடிக்க, சூடான எஞ்சினை அணைத்து, விசிறி நின்றபின் ரேடியேட்டர் முகத்தின் பல இடங்களில் கை வையுங்கள். மேலிருந்து கீழ் சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் ஓர் இடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே தண்ணீர் போகவில்லை. செம்பு–பித்தளை ரேடியேட்டர் என்றால் மேல் தொட்டியைப் பிரித்து ராடு விட்டுச் சுத்தம் செய்யலாம். அதைத் தெரிந்து செய்யும் ரேடியேட்டர் கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன. நல்ல கடை ஒன்றை அறிந்து வைத்திருங்கள்.

கேஸ்கட்: குளிரில் ஏமாற்றும் அறிகுறிகள்

எங்கும் ஒழுகல் இல்லை, ஆனால் வாரத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் குறைகிறது. பழைய வண்டி என்றால் தண்ணீர் குடிக்கத்தான் செய்யும் என்று பலரும் சமாதானம் ஆகிவிடுகிறார்கள். 1899 முதல் இதே மலையில் ஏறும் நீராவி ரயில் வழியில் நின்று நின்று தண்ணீர் பிடிப்பது, அந்தத் தண்ணீரை ஆவியாக்கித்தான் ஓடுகிறது என்பதால். உங்கள் எஞ்சினில் தண்ணீர் சுற்றி வருவதற்கு மட்டுமே. ஒரு மாதத்தில் ஒரு டம்ளருக்கு மேல் குறைந்தால் அது எங்கோ போகிறது.

காலையில் குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து, தண்ணீர் கழுத்துவரை நிரப்பி, ஸ்டார்ட் செய்யுங்கள். தொடக்கத்தில் சில குமிழிகள் வருவது இயல்பு. ஆக்ஸிலரேட்டர் கொடுக்கக் கொடுக்கக் குமிழி தொடர்ந்து வந்தால், சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் நுழைகிறது. மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள், தண்ணீர் சூடாகுமுன்பே மேல் ஓஸ் கல்லாக இறுகினாலும் அதே பொருள்.

வெண்புகையையும் ஆயிலில் பால் நிறத்தையும் மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஊட்டிக் காலைக் குளிரில் நல்ல வண்டியும் சைலன்சரில் வெண்ணிற ஆவி விடும். எஞ்சின் சூடானபின்னும் நிற்காமல், இனிப்பு வாசத்தோடு வந்தால்தான் கவலை. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மஞ்சள் கலந்த வெண்ணெய்ப் படலம் மலையில் சிறு தூரம் மட்டும் ஓடும் வண்டிகளில் சாதாரணம். குளிரில் ஆவி அங்கே படிந்து ஆயிலோடு கலப்பதால் அது வருகிறது. டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அதிலும் பால் நிறம் இருந்தால் வண்டியை நகர்த்தக்கூட வேண்டாம்.

கேஸ்கட் மாற்றும்போது ஹெட்டை லேத் பட்டறைக்குக் கொடுத்து மட்டம் பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை கடுமையாகக் கொதித்த ஹெட் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். மட்டம் பார்க்காமல் புதுக் கேஸ்கட் போட்டால் அடுத்த மேட்டிலேயே போய்விடும்.

வழியில் கொதித்தால்

முள் ஏறத் தொடங்கியதும் செய்ய வேண்டியது பலரும் நினைப்பதற்கு நேர்மாறானது. மூன்றாம் கியரில் முக்கிக்கொண்டு ஏறுவதைவிட இரண்டாம் கியருக்கு இறக்கி, எஞ்சினைச் சற்று வேகமாகச் சுற்றவிட்டு, ஆக்ஸிலரேட்டரைக் குறைவாக மிதித்து ஏறுங்கள். பம்பும் விசிறியும் அப்போதுதான் வேலை செய்யும். ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறங்கள். அது ஒரு சிறு ரேடியேட்டர். மலைச்சாலை குறுகலான இடத்தில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம்; இறங்கி வருபவர் நீங்களாக இருக்கும் நாளில், முக்கி ஏறும் பழைய வண்டியை மேட்டின் நடுவில் நிறுத்தாதீர்கள்.

ஆவி வந்துவிட்டால் வளைவில்லாத அகலமான இடத்தில் ஒதுக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, எஞ்சினை அணையுங்கள். பானெட்டைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். மூடியில் கை வைக்க வேண்டாம். முக்கால் மணி நேரமாவது ஆகட்டும். அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் மூடி திறந்த கணத்தில் மொத்தமாகக் கொதித்து முகத்தில் அடிக்கும். மலைச்சாலையில் நடக்கும் கொடுமையான தீப்புண்களில் இது ஒன்று. மேல் ஓஸை அமுக்கினால் அமுங்க வேண்டும். அப்போது தடித்த ஈரச் சாக்கை மூடிமேல் போட்டு, முதல் படிவரை திருகி, சீறல் நின்றபின் திறங்கள்.

அவசரத்தில் குளிர்ந்த ஓடைத் தண்ணீரைச் சூடான எஞ்சினுக்குள் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். எஞ்சினை ஓடவிட்டு, சிறிது சிறிதாக ஊற்றுங்கள். தண்ணீர் தேடிக் காட்டுக்குள் இறங்கவும் வேண்டாம்: கல்லாறு–பர்லியார் பகுதியிலும் கோத்தகிரிச் சாலையில் குஞ்சப்பனைப் பக்கமும் யானை நடமாட்டம் உண்டு. வண்டியிலேயே பத்து லிட்டர் தண்ணீர், ஒரு பெல்ட், மேல் கீழ் ஓஸ்கள், நான்கு கிளிப், ஒரு மூடி, தடித்த கையுறை இருக்கட்டும். ரேடியேட்டர் சிறிதாக ஒழுகினால் மஞ்சள் தூள் போடும் பழைய வழி உண்மையில் வேலை செய்கிறது; ஒழுகும் துளையில் தூள் போய் அடைத்துக்கொள்ளும். அது உங்களைக் குன்னூர்வரை கொண்டுசேர்க்கும். ஆனால் நல்ல குழாய்களையும் அடைக்கும் என்பதால் அந்த வாரமே ரேடியேட்டரைக் கழற்றிப் பற்றவைத்து, உட்புறம் முழுதும் அலசிவிட வேண்டும்.

தண்ணீரும் கூலண்டும்

சமவெளியின் போர்வெல் உப்புத் தண்ணீர் ரேடியேட்டருக்குள் சுண்ணாம்பு கட்டும். மலை ஓடைத் தண்ணீர் உப்பில்லாதது, ஆனால் இலைத் துணுக்கும் மண்ணும் கொண்டது. துருவைத் தடுக்க அதில் எதுவுமில்லை. பேட்டரிக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரே நல்லது. ஓட்டில் விழாமல் நேராகப் பிடித்த மழைத் தண்ணீரும் ஆகும். அதில் மூன்றில் ஒரு பங்கு கூலண்ட் கலந்தால் நீலகிரிக்குப் போதும். ஊட்டியிலும் அவலாஞ்சியிலும் உறைபனி விழும் இரவுகளில் வெளியே நிற்கும் வண்டிக்கு இந்தக் கலவை தேவைக்கு மேலான பாதுகாப்பு. கொதிநிலையையும் சில டிகிரி உயர்த்தும். பாதிக்கு மேல் கலக்காதீர்கள். கூலண்ட் சூட்டைச் சுமக்கும் திறன் தண்ணீரைவிடக் குறைவு; முக்கால்வாசி கூலண்ட் ஊற்றிய பழைய ரேடியேட்டர் மேட்டில் திணறும். செம்பு–பித்தளை ரேடியேட்டருக்குப் பொருந்தும் என்று டப்பாவில் எழுதியிருப்பதை வாங்குங்கள். பழையதை வடிக்கும்போது தேயிலைத் தோட்டத்து வாய்க்காலில் விடக் கூடாது. அது இனிக்கும் விஷம். நாயும் மாடும் குடித்துவிடும்.

நிரப்பும்போது மலைச்சரிவு நமக்கு உதவுகிறது. வண்டியின் முகம் மேட்டைப் பார்க்க நிறுத்துங்கள். ரேடியேட்டர் கழுத்து எஞ்சினைவிட உயரமாகிவிடும். உள்ளே சிக்கிய காற்று தானே மேலே வரும். ஹீட்டர் குழாயைத் திறந்துவைத்து, மூடியில்லாமல் எஞ்சினை ஓடவிட்டு, மேல் ஓஸைப் பிழிந்து பிழிந்து ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், அப்போது மறுபடி நிரப்பி மூடுங்கள். ரேடியேட்டர் முன்னாலும் எஞ்சின் இருக்கைக்கு அடியிலும் இருக்கும் ஆம்னியில் குழாய்கள் நீளம்; காற்று முழுதும் வெளியேற இரண்டு மூன்று முறை இதைச் செய்ய வேண்டியிருக்கும்.

பழுது நீக்கிய வண்டியை முதல் நாளே மசினகுடியிலிருந்து கல்லட்டியின் முப்பத்தாறு வளைவுகளில் ஏற்றிச் சோதிக்காதீர்கள். காலை நேரத்தில், சுமையில்லாமல், மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியார்வரை ஏறி நிறுத்துங்கள். முள் எங்கே நின்றது என்று குறித்துக்கொண்டு, எஞ்சின் முழுதாக ஆறியபின் மட்டத்தைப் பாருங்கள். மட்டம் குறையாமல் இருந்தால், அடுத்த முறை அதே சாலையில் அதே நேரத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், அதே இடத்தில் முள்ளை ஒப்பிட்டுப் பாருங்கள்.